மலைநாட்டில் காரைத் தாழ்த்துவது: லோவரிங் ஸ்பிரிங் பொருத்த ஒரு முழு வழிகாட்டி

லோவரிங் ஸ்பிரிங் பெட்டியின் மேல் "30 மில்லிமீற்றர்" என்று அச்சிட்டிருக்கும். கார் எவ்வளவு தாழும் என்பதற்கான கணக்கு அது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கார் வைத்திருப்பவர் முதலில் கேட்கவேண்டியது, புது ஸ்பிரிங் போட்ட பிறகு ஷொக் (அதிர்வைத் தணிக்கும் குழாய்) அமுங்குவதற்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதைத்தான். அந்த இடம் தீர்ந்தால் ஷொக்கின் தண்டில் இருக்கும் பம்ப் ஸ்டொப் ரப்பர் மீது காரின் பாரம் உட்காரும். கொழும்பில் அது ஒரு 'டொக்' சத்தத்தோடு போய்விடும். றம்பொடை முடக்கு ஒன்றில், மழை ஈரத்தில், பிரேக் பிடித்தபடி இறங்கும்போது நடந்தால் முன்சக்கரம் பிடியை விட்டு நேரே போகப் பார்க்கும்.

எனவே இந்த வழிகாட்டியில் ஸ்பானர் பிடிக்கும் வேலையை விட அளக்கும் வேலைக்கு அதிக இடம் இருக்கிறது. ஸ்பிரிங் மாற்றுவதை ஒரு நாளில் முடித்துவிடலாம். தவறான ஸ்பிரிங்கை வாங்கினால் அதை ஒவ்வொரு நாளும் ஓட்டவேண்டும்.

இறக்கத்தில் முன்பக்கம் என்ன ஆகிறது

1200 கிலோ எடையுள்ள ஒரு சாதாரண செடான். வீல்பேஸ் (முன் பின் சக்கரங்களின் மையங்களுக்கு இடையிலான தூரம்) 2600 மில்லிமீற்றர், எடை மையம் தரையிலிருந்து சுமார் 550 மில்லிமீற்றர். 0.4 ஜி அளவில் பிரேக் பிடித்தால், அதாவது அவசரமில்லாமல் ஆனால் நன்றாக அழுத்திப் பிடித்தால், ஏறக்குறைய 100 கிலோ பின்னாலிருந்து முன்னால் நகர்கிறது. ஒரு முன்சக்கரத்துக்கு 50 கிலோ. ஸ்பிரிங்கின் கடினம் ஒரு மில்லிமீற்றருக்கு 22 நியூட்டன் என்று வைத்தால் முன்பக்கம் 22 மில்லிமீற்றர் அமுங்கும். எட்டு அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவில், ஒரே வேகத்தில் இறங்கினாலே இன்னும் 30 கிலோ முன்னால் வந்திருக்கும். இதோடு முடக்கில் வெளிப்பக்கச் சக்கரத்துக்குச் சாயும் பாரத்தையும், ரோட்டில் உள்ள குழியையும் சேருங்கள்.

சமதரையில் ஓட்டுபவருக்கு இவை எல்லாம் ஒரே நேரத்தில் வருவது அரிது. நமக்கு ஒவ்வொரு முடக்கிலும் வரும். அதனால்தான் மலைநாட்டில் தினமும் ஓடும் காருக்கு 15 முதல் 25 மில்லிமீற்றர் வரையான தாழ்வே பொருத்தம். 30 என்பது ரோட்டையும் காரையும் அளந்து பார்த்த பிறகு எடுக்கவேண்டிய முடிவு. 40க்கு மேல் போகிற ஸ்பிரிங் படம் பிடிக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். வீடு தோட்டத்துக்குள் இருந்து, கடைசி இரண்டு மூன்று கிலோமீற்றர் கல் பாவிய ரோடாக இருந்தால் தாழ்த்தவே வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல ஷொக் நாலு போடுங்கள்; வண்டி ஓடும் விதம் அதிலேயே பாதி திருந்திவிடும்.

நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயத்துக்கு வரும் கார்களைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள். அவை குறுகிய தூரம் மேல்நோக்கி ஓடுபவை. அவற்றில் குடும்பமும் இல்லை, அரிசி மூட்டையும் இல்லை.

வாங்கும் முன் மூன்று அளவுகள்

முதல் அளவு, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை. தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று குறைந்தாலும் கணக்கு மாறும், மையத்திலிருந்து அளந்தால் மாறாது. நான்கு சக்கரத்துக்கும் எடுத்து எழுதி வையுங்கள். இடம் வலம் 10 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏற்கெனவே ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது, இல்லையேல் வண்டி எப்போதோ அடிபட்டிருக்கிறது. புது ஸ்பிரிங் அடிபட்ட பொடியை (காரின் உடற்கூட்டை) நிமிர்த்தாது.

இரண்டாவது அளவுதான் முக்கியம். காரைச் சமதரையில், சக்கரங்கள் மீது நிறுத்தி ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்புங்கள். முன் ஷொக்கின் தண்டை மூடியிருக்கும் டஸ்ட் பூட்டை மேலே தூக்கிக் கட்டினால் பளபளக்கும் தண்டும் அதன் மேல்முனையில் பம்ப் ஸ்டொப் ரப்பரும் தெரியும். ஷொக் உடலின் மேல் விளிம்புக்கும் ரப்பரின் கீழ்முனைக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். பிறகு ஒரு மெல்லிய கேபிள் டையைத் தண்டில் இறுக்கமாகச் சுற்றி, ஷொக் உடலைத் தொடும்வரை கீழே தள்ளி விடுங்கள். வழக்கமாக ஏற்றும் ஆட்களோடும் சாமானோடும் வழக்கமான பாதையில் ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்த்தால் கேபிள் டை மேலே நகர்ந்திருக்கும். அது நகர்ந்த தூரமே உங்கள் ரோடு, உங்கள் ஓட்டம், உங்கள் பாரம் சேர்ந்து பாவித்த அமுக்கம்.

உதாரணத்துக்கு, இடைவெளி 55 மில்லிமீற்றர், பாவித்தது 40 என்று வருகிறது. 25 தாழ்த்தினால் இடைவெளி 30 ஆகிவிடும். புது ஸ்பிரிங் 20 வீதம் கடினமானது என்றால் அதே ரோட்டில் அமுக்கம் 40லிருந்து 33 அளவுக்குக் குறையும். மூன்று மில்லிமீற்றர் ரப்பரைத் தொடும். அது பரவாயில்லை, ரப்பரின் வேலையே அதுதான். 35 தாழ்த்தினால் மிஞ்சுவது 20. அப்போது 13 மில்லிமீற்றர் ரப்பருக்குள் போகும், அதுவும் அடிக்கடி. அந்தக் கார் துள்ளும், ஷொக்கும் நீண்ட நாள் வராது.

மூன்றாவது அளவு வீட்டு வாசல். மலைநாட்டில் பெரும்பாலான வீடுகள் ரோட்டுக்கு மேலே இருக்கும், இல்லாவிட்டால் கீழே. ரோடும் வாசல் சரிவும் சேரும் முனையில்தான் வண்டியின் வயிறு உரசும். ஒரு மீற்றர் நீளமான நேர்ப்பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேற்பக்கத்தில் வைத்து, ரசமட்டம் பார்த்துப் பலகையைக் கிடையாகப் பிடியுங்கள். மற்ற முனை தரையிலிருந்து 200 மில்லிமீற்றர் உயரத்தில் நின்றால் சரிவு ஐந்துக்கு ஒன்று, அதாவது 11 பாகைக்குச் சற்று மேல். 2600 வீல்பேஸ் காரில் நடுவயிறு தரையிலிருந்து 150 மில்லிமீற்றர் என்றால் சுமார் 13 பாகை முறிவை, அதாவது ரோடும் சரிவும் சேரும் கோணத்தை, தாண்டும். அதே கார் 120 மில்லிமீற்றருக்கு இறங்கினால் பத்தரைப் பாகைதான். அதாவது இன்று உரசாமல் ஏறும் வாசலில் 30 மில்லிமீற்றர் தாழ்த்திய மறுநாள் சைலன்சர் உரசும். பின் சீட்டில் மூன்று பேர் இருந்தால் இன்னும் முன்னதாகவே. ரோடு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

முன் பம்பரைக் கணக்கிடுவதை விடச் சோதிப்பதே சுலபம். பம்பரின் கீழ்விளிம்பில், நீங்கள் தாழ்த்த நினைக்கும் அளவு தடிப்பமுள்ள மரச்சட்டம் ஒன்றைக் கட்டி ஒரு வாரம் ஓட்டுங்கள். சட்டம் உரசும் இடமெல்லாம் பிறகு பம்பர் உரசப்போகும் இடம். எதிரே பஸ் வந்தால் நாம் இடப்பக்கம் ஒதுங்குகிறோம். தார் விளிம்பிலிருந்து சக்கரம் இறங்கிக் காண் (வடிகால்) ஓரத்துக்குப் போகும் அந்த இடங்களையும் விட்டுவிடாதீர்கள்.

ஸ்பிரிங் தெரிவு

மொடல் பெயரைச் சொல்லி வாங்கவேண்டாம், செசி நம்பரின் முன்பகுதியைச் சொல்லி வாங்குங்கள். டொயோட்டா 'எக்ஸியோ' என்ற ஒரே பெயரில் என்.இஸட்.இ. 141உம் இருக்கிறது, ஹைபிரிட் ஆன என்.கே.இ. 165உம் இருக்கிறது. முன்னதற்குச் செய்த ஸ்பிரிங்கைப் பின்னதற்குப் போட்டால், பின் சீட்டுக்கு அடியில் பற்றரி சுமக்கும் பக்கம் எதிர்பார்த்ததை விட இறங்கிவிடும். நான்கு சக்கர இயக்க மொடலுக்கும் பின் ஸ்பிரிங் வேறாக இருக்கலாம்.

ஸ்பிரிங் செய்யும் நிறுவனங்களுக்குப் பொதுவாக ஒரு நிறம் உண்டு: டெய்ன் பச்சை, எச் அன்ட் ஆர் நீலம், ஆர்.எஸ்.ஆர். சிவப்பு, ஐபாக் நிறுவனத்தின் புரோ-கிட் கறுப்பு. ஆனால் ஸ்ப்ரே பெயின்ட் எந்த நிறத்திலும் கிடைக்கும். கம்பியில் அச்சிட்ட பாக நம்பர் பெட்டி நம்பரோடு ஒத்துப் போகிறதா, முன் பின் என்று தனித்தனி நம்பர் இருக்கிறதா, பூச்சு எங்கும் ஒரே தடிப்பமா என்று பாருங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த செட்டுகள் கிடைக்கும். அவற்றில் பூச்சு பெயர்ந்து துரு குழி விழுந்திருந்தால் தொடாதீர்கள். ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் அப்படியொரு குழியில் தொடங்கும் வெடிப்பினால்தான்.

சுருள்கள் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருப்பது புரோகிரசிவ் வகை. முதலில் மென்மை, அமுங்க அமுங்கக் கடினம். பிரேக்கும் வளைவும் ஒன்றாக வரும் நம் ரோட்டுக்கு இதுவே தோது. சீராகச் சுற்றிய லீனியர் வகை, அதற்கேற்ற ஷொக் இருந்தால் நன்றாக ஓடும். பழைய ஷொக்கோடு போட்டால் துள்ளும்.

சில கராஜ்களில் உள்ள ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டித் தருவார்கள். வேலை செய்யும் சுருள் ஆறில் ஒன்றை வெட்டினால் கடினம் 20 வீதம் கூடுகிறது, அது பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை வெட்டிய முனையில்தான். தட்டையாக அமரவேண்டிய முனை கூராகி இருக்கைத் தட்டில் ஒரே புள்ளியில் அழுத்தும். ஜக்கில் தூக்கும்போதோ சக்கரம் குழிக்குள் தொங்கும்போதோ ஸ்பிரிங் இருக்கையை விட்டு நகரும். கேஸ் வெல்டிங் சுவாலையில் சூடாக்கி இறக்குவது அதைவிடக் கேடு. உருக்கின் பதம் போய்விடும், பிறகு அது மாதக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டையும் செய்துகொண்டு சிங்கமலையில் ஏறி இறங்குபவர் தன் பின்னால் வருபவரையும் ஆபத்தில் வைக்கிறார்.

ஷொக்கைப் பொறுத்தவரை, ஒரு லட்சம் கிலோமீற்றர் கடந்தது என்றாலும், உடலில் எண்ணெய்க் கசிவு இருந்தாலும் ஸ்பிரிங்கோடு சேர்த்தே மாற்றுங்கள். வேலை ஒன்றுதான், கூலியும் ஒருமுறைதான். டொப் மவுண்ட் (ஷொக்கின் தலையைப் பொடியோடு பிடிக்கும் பாகம்), அதன் பெயரிங், பம்ப் ஸ்டொப், டஸ்ட் பூட், நடுத்தண்டுக்கான புதிய லொக் நட் ஆகியவற்றையும் கையில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள். பாதி கழற்றிய காரை முற்றத்தில் விட்டு, ஒரு பெயரிங்குக்காகக் கண்டிக்குப் பஸ் ஏறுவது பொல்லாத நாள்.

வாகன அமைப்பில் செய்யும் மாற்றத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டுமா என்பதை ஸ்பிரிங் வாங்கும் முன்பே விசாரியுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்து வையுங்கள்.

இடமும் சாமானும்

இங்கே கிடைக்க அரிதானது சமதரை. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் முற்றம் ரசமட்டம் வைத்தால் சரிந்திருக்கும். சிமெந்துத் தரை இல்லாத இடத்தில் ஜக் ஸ்டாண்ட் ஒவ்வொன்றின் கீழும் ஓரடிச் சதுர, தடித்த பலகையோ இரும்புத் தகடோ வையுங்கள். மழைக்கு ஊறிய மண்ணில் ஸ்டாண்டின் கால் அரை மணித்தியாலத்தில் புதைந்துவிடும். சமதரை இல்லையென்றால் இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள், கராஜ் ஒன்றின் தரையை வாடகைக்குக் கேளுங்கள்.

தேவையானவை: ட்ரொலி ஜக், நான்கு ஜக் ஸ்டாண்ட், நான்கு மரக்கட்டை, 10 முதல் 21 மில்லிமீற்றர் வரை சொக்கட் செட், நீண்ட பிரேக்கர் பார், டோர்க் ரென்ச், 5 மற்றும் 6 மில்லிமீற்றர் அலன் கீ, ஒரு சோடி ஸ்பிரிங் கம்பிரசர், கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்ப்ரே, பெயின்ட் மார்க்கர், கட்டுக்கம்பி.

டோர்க் அளவுகள், அதாவது நட்டை எவ்வளவு முறுக்கு விசையில் இறுக்கவேண்டும் என்பது, காருக்குக் கார் மாறும். சக்கர நட் டொயோட்டா கார்களில் 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டாவில் 108. மற்ற நட்டுகளுக்கு உங்கள் செசிக்குரிய சேர்விஸ் மனுவலைப் பார்த்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நக்கிளை (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகத்தை) பிடிக்கும் போல்ட்டுக்கும் டொப் மவுண்ட் நட்டுக்கும் இடையே மூன்று நான்கு மடங்கு வித்தியாசம் இருக்கும். கைப்பழக்கத்தில் இறுக்கினால் ஒன்று தளரும், மற்றது முறியும்.

ஜப்பானில் பனி கொட்டும் பகுதியில் ஓடி வந்த வண்டியென்றால் ரோட்டில் தூவிய உப்பு அடிப்பாகத்தைத் தின்றிருக்கும். போல்ட்டுகளைக் கம்பி பிரஷால் தேய்த்து, ஸ்ப்ரேயை முதல்நாள் மாலையே அடித்து வையுங்கள்.

முன்பக்கம்

இங்கே சொல்வது மக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒரே பாகமாகச் சேர்ந்த அமைப்பு, உள்ள கார்களுக்கு. விட்ஸ், எக்ஸியோ, ஃபிட், ஸ்விஃப்ட், வேகன் ஆர் எல்லாம் இந்த வகை. பழைய ஹொண்டா சிவிக் ஈ.கே. வகை டபிள் விஷ்போன், அதன் வழி வேறு.

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரைப் பார்க்கிலோ முதலாவதிலோ போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். சக்கர நட்டுகளைத் தரையிலேயே அரைச் சுற்று இளக்குங்கள். இரண்டு முன்சக்கரங்களையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் (இடம் வலச் சக்கரங்களை இணைக்கும் கம்பி) முறுக்கேறி, லிங்க் போல்ட் வரவும் செய்யாது, வந்தால் திரும்ப ஏறவும் செய்யாது.

பிரேக் ஹோஸைப் பிடிக்கும் பிரக்கெட்டையும் ஏ.பி.எஸ். வயரின் கிளிப்பையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவியுங்கள். வயரை இழுக்காதீர்கள், உள்ளே அறுந்தால் வெளியே தெரியாது. ஸ்டெபிலைசர் லிங்க் நட்டைக் கழற்றும்போது அதன் தண்டு கூடவே சுழலும். அதன் நுனித் துளையில் அலன் கீயைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள்.

அடுத்தது ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் சேர்க்கும் இரண்டு பெரிய போல்ட். அவை இருந்த நிலையைப் பெயின்ட் மார்க்கரால் கோடிட்டு வைத்தால், திரும்பப் பொருத்தும்போது கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) ஏறக்குறைய பழைய இடத்துக்கு வரும். லோவர் ஆமின் (நக்கிளைக் கீழே பிடிக்கும் கையின்) கீழ் ஜக்கைத் தொடும் அளவுக்கு வையுங்கள். பல கார்களில் போல்ட்டின் கழுத்தில் பல் இருக்கும். போல்ட்டைத் திருப்பக்கூடாது, நட்டைத்தான் திருப்பவேண்டும். நட் வந்ததும் அதை நுனியில் இரண்டு மூன்று சுற்று திரும்ப ஏற்றி, அதன் மேல் சுத்தியலால் தட்டிப் போல்ட்டை வெளியேற்றலாம். நக்கிள் விடுபட்டதும் வெளிப்பக்கம் சரியப் பார்க்கும். அப்படி விட்டால் சக்கரத்தைச் சுழற்றும் எக்ஸலின் உள் ஜொயின்ட் கழன்று, கிறீஸ் பூட்டும் கிழியும். கட்டுக்கம்பியால் பொடியோடு கட்டி வையுங்கள்.

மேலே மூன்று நட். சில கார்களில் வைப்பரையும் அதன் கீழ் பிளாஸ்டிக் மூடியையும் கழற்றினால்தான் அவை தெரியும். இரண்டை முழுதாகக் கழற்றி, மூன்றாவதைக் கழற்றும்போது இன்னொருவர் கீழே ஸ்ட்ரட்டைத் தாங்கவேண்டும். நடுவில் இருக்கும் பெரிய நட்டைக் காரில் இருக்கும்போது முழுதாகக் கழற்றவே கூடாது. அந்த ஒரு நட்தான் ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கிறது. 22 நியூட்டன் கடினமுள்ள ஸ்பிரிங் 100 மில்லிமீற்றர் அமுங்கியிருந்தால் அதற்குள் சுமார் 225 கிலோ விசை காத்திருக்கிறது.

வெளியே எடுத்த ஸ்ட்ரட்டில் டொப் மவுண்டும் கீழ்த்தட்டும் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் இருக்கின்றன என்று கோடிடுங்கள். கம்பிரசர்கள் இரண்டையும் நேரெதிராக, இயன்றளவு அதிக சுருள்களைக் கவ்வும்படி மாட்டுங்கள். ஒரு பக்கம் இரண்டு சுற்று, மறுபக்கம் இரண்டு சுற்று என்று மாறிமாறிக் கையால் இறுக்குங்கள். இம்பெக்ட் கன் பாவித்தால் கம்பிரசரின் மரை எரிந்து பிடிக்கும், அல்லது ஒரு பக்கம் முந்தி ஸ்பிரிங் வளையும். ஸ்பிரிங்கின் இரு முனைகளுக்கும் நேரே முகமோ நெஞ்சோ இருக்கக்கூடாது. ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து ஆடத் தொடங்கியதும்தான் நடு நட்டைக் கழற்றவேண்டும்.

ஷொக்கை இப்போது சோதியுங்கள். தண்டைக் கையால் அமுக்கினால் முழுத்தூரமும் ஒரே எதிர்ப்போடு போகவேண்டும். நடுவில் ஓரிடத்தில் வழுக்கிப் போனால் அதன் உள்வால்வு முடிந்தது.

இனி, அதிகம் பேர் செய்யாத ஒரு சோதனை. ஸ்பிரிங் இல்லாமலே ஷொக்கையும் டொப் மவுண்டையும் மட்டும் காரில் பொருத்தி, சக்கரத்தையும் மாட்டி, நக்கிளின் கீழ் ஜக் வைத்து மெதுவாகத் தூக்குங்கள். பம்ப் ஸ்டொப்பைத் தொட்டு அது கொஞ்சம் அமுங்கும் வரை போகலாம். அந்த நிலையில் ஸ்டியரிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, டயர் மட்கார்டின் உள் மடிப்பையோ பிளாஸ்டிக் லைனரையோ தொடுகிறதா என்று பாருங்கள். முடக்கில் ஸ்டியரிங் முழுதாகத் திரும்பி, வெளிச்சக்கரம் முழுதாக அமுங்கும்போது இதே நிலைதான் வரும். அகன்ற ரிம் போட்ட கார்களில் உரசல் இங்கேயே பிடிபடும்.

புது ஸ்பிரிங்கில் எழுத்து நேராக வாசிக்கக் கூடிய பக்கமே பொதுவாக மேல்பக்கம். பெட்டியிலுள்ள தாளோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். சுருளின் முனை கீழ்த்தட்டின் படியில் முட்டி அமரவேண்டும். படிக்கும் முனைக்கும் இடையே ஒரு விரல் அகலம் இருந்தால் நீங்கள் ஸ்பிரிங்கைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள், முதல் குழியிலேயே அது 'டங்' என்று சுழன்று வந்து முட்டும். பம்ப் ஸ்டொப்பை வெட்டச் சொல்லித் தாளில் இருந்தால் சொன்ன இடத்தில் சொன்ன அளவு வெட்டுங்கள். சொல்லாவிட்டால் வெட்டவேண்டாம். முழுதாக எடுத்துவிட்டு ஓட்டினால் ஷொக்கின் அடிவால்வை உலோகம் நேரடியாக இடிக்கும்.

டொப் மவுண்டை வைத்து நடு நட்டை இறுக்கிய பிறகு, ஷொக் முழுதாக நீண்டிருக்கும்போதும் ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். தளர்ந்து ஆடினால் அந்த ஸ்பிரிங்குக்கு உங்கள் ஷொக் நீளம் அதிகம். அப்படியே பொருத்தக்கூடாது. நடு நட்டைத் தண்டை அலன் கீயால் பிடித்துக் கையால் இறுக்குங்கள். கன் அடித்தால் தண்டு சுழன்று சீல் கிழியும்.

பொருத்துவது கழற்றியதன் தலைகீழ் வரிசை. மறக்கிற ஒன்று உண்டென்றால் அது பிரேக் ஹோஸ் பிரக்கெட். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல், ஸ்டியரிங் இரு கோடிக்கும் திரும்பும்போது டயரைத் தொடாமல் இருக்கவேண்டும்.

பின்பக்கம்

டோர்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) உள்ள கார்களில் இது பாதி வேலை. முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கியதும் ஹேண்ட்பிரேக் பிடிப்பதாக எண்ணிக்கொள்ள முடியாது. பொடியை ஸ்டாண்டில் நிறுத்தி, பீமின் கீழ் ஜக் வைத்து, இரு ஷொக்குகளின் கீழ் போல்ட்டையும் கழற்றி, பீமை மெதுவாக இறக்குங்கள். பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், ஏ.பி.எஸ். வயர் மூன்றும் இழுபடாத அளவுக்கு மட்டும். ஸ்பிரிங் கையோடு வரும். மேல் கீழ் ரப்பர் இருக்கைகள் வெடித்திருந்தால் மாற்றுங்கள். ஹைபிரிட்டில் செம்மஞ்சள் நிறக் கேபிள் எதையும் தொடவேண்டாம்.

புது ஸ்பிரிங்கை ரப்பரின் படியில் அமர்த்தி, பீமைத் தூக்கிப் போல்ட்டைச் செருகுங்கள். இறுக்காதீர்கள். பிறகு பீமை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்பிரிங் இருக்கையில் நிற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

தரையில் இறக்கிய பிறகு

ரப்பர் புஷ் வழியாகப் போகும் எந்தப் போல்ட்டையும் சக்கரம் தொங்கும்போது இறுக்கக்கூடாது. பின் ஷொக்கின் கீழ் போல்ட், பீமின் முன் புஷ் போல்ட், முன் லோவர் ஆமின் புஷ் போல்ட் எல்லாம் இதில் அடங்கும். காரைச் சக்கரத்தில் நிறுத்தி, இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு, அந்த உயரத்திலேயே இளக்கி மறுபடி டோர்க் அளவுக்கு இறுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் ரப்பர் எப்போதும் பழைய உயரத்தை நோக்கி முறுக்கியபடி இருக்கும். வண்டி ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும், புஷ் ஒரு வருடத்துக்குள் கிழியும். கராஜ்களில் பெரும்பாலும் விட்டுப்போகிற வேலை இது. கராஜ் பாஸிடம் (மெக்கானிக்கிடம்) வேலை கொடுத்தால் பக்கத்தில் நின்று கேட்டுச் செய்விக்கவேண்டியதும் இதுதான்.

முதல் ஓட்டம் மெதுவாக, இரண்டு கிலோமீற்றர். திரும்பி வந்து எல்லா நட்டுகளையும் டோர்க் பாருங்கள். அன்றே அல்லது மறுநாளே வீல் எலைன்மன்ட். ஸ்பிரிங் 300 முதல் 500 கிலோமீற்றருக்குள் இன்னும் சில மில்லிமீற்றர் அமரும், எனவே அதன் பிறகு மீண்டும் ஒருமுறை. தாழ்த்தியதும் முன்சக்கரத்தின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். உள்விளிம்பு தேய்வதற்குக் கேம்பரைக் குறை சொல்வார்கள், ஆனால் டயரை வேகமாகத் தின்பது தவறான டோதான். கேம்பர் இடம் வலம் அரைப் பாகைக்கு மேல் வேறுபட்டால் நக்கிளின் மேல் போல்ட்டுக்குப் பதில் கேம்பர் போல்ட் போட்டுத் திருத்தலாம். ஸ்டியரிங் கோணத்தை உணரும் சென்சர் உள்ள கார்களில் எலைன்மன்டுக்குப் பிறகு அதன் பூச்சிய நிலையை ஸ்கேனர் மூலம் சரிசெய்யவேண்டும், இல்லாவிட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும்.

ஹெட்லைட் ஒளியும் மாறியிருக்கும். முன்பக்கம் அதிகம் இறங்கியிருந்தால் ஒளி காலடியில் விழும், பின்பக்கம் இறங்கியிருந்தால் எதிரே வருபவரின் கண்ணில். சமமான பெற்றோல் ஷெட் தரையில், சுவரிலிருந்து 10 மீற்றர் தள்ளி நின்று, டிம் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்திலிருந்து 10 சென்றிமீற்றர் தாழ்ந்து விழும்படி திருப்புங்கள். நானுஓயாவில் மூடுபனி இறங்கும் இரவில் இந்தப் பத்துச் சென்றிமீற்றரின் அருமை தெரியும்.

சத்தங்களும் காரணங்களும்

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டங் டங்' என்றால் டொப் மவுண்ட் பெயரிங் தேய்ந்தது, அல்லது ஸ்பிரிங் முனை படியில் அமரவில்லை. சிறு மேடுபள்ளத்தில் 'கட கட' என்பது பெரும்பாலும் இறுக்கம் போதாத ஸ்டெபிலைசர் லிங்க். கையால் பிடித்து ஆட்டினாலே தெரியும். குழியில் மட்டும் ஒரே அடியாக 'டொக்' என்றால் பம்ப் ஸ்டொப்பில் இடிக்கிறது. கேபிள் டையை மறுபடி தண்டில் கட்டி அளந்து பாருங்கள். ஏற்றத்தில் அக்சிலரேட்டர் மிதிக்கும்போது அதிர்வு வந்து, காலை எடுத்ததும் நின்றால், எக்ஸலின் உள் ஜொயின்ட் புதுக் கோணத்தில் வேலை செய்யச் சிரமப்படுகிறது. பழைய ஜொயின்டென்றால் மாற்றவேண்டிய நேரம். புதியதிலும் வந்தால் தாழ்த்தியது அதிகம்.

நேர் ரோட்டில் வண்டி தானாக ஒரு பக்கம் இழுத்தால் எலைன்மன்ட் தாளை எடுத்துப் பாருங்கள். குழி விழும்போது மட்டும் ஸ்டியரிங் தட்டி இழுத்தால் அது எலைன்மன்டால் தீராது. தாழ்வினால், சக்கரத்தைத் திருப்பும் டை ரொட்டின் கோணமும் லோவர் ஆமின் கோணமும் ஒத்துப் போகாமல், சக்கரம் ஏறி இறங்கும்போது டோவும் கூடவே ஆடுகிறது. அப்படியானால் தாழ்வைக் குறைக்கும் வேறு ஸ்பிரிங்தான் வழி.

கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகளை விற்றுவிடாதீர்கள். முன் இடம், முன் வலம் என்று எழுதி ஒட்டி, கிறீஸ் பூசிச் சாக்கில் சுற்றி வையுங்கள். காரை விற்கும்போது வாங்குபவர் கேட்பார், அவர் வீட்டு வாசல் உங்கள் வாசலை விடச் செங்குத்தாக இருக்கலாம்.